செங்குத்தாக நிற்கும் அலகு: ஒரு பழைய இழைப்புளியின் பயனைக் கண்டறிதல்

வட இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தைகளில் மர இழைப்புளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பீச் மரத்தில் செய்யப்பட்டு, கை பட்டுப் பட்டுக் கருத்துப்போன இழைப்புளிகளைப் பெட்டி பெட்டியாகக் கொட்டி வைத்திருப்பார்கள். அப்படி ஒரு பெட்டியில் கிடைத்த இழைப்புளி ஒன்று, வெளித்தோற்றத்தில் மற்றவற்றைப் போலவே இருந்தாலும், உள்ளே அலகு நின்ற விதத்தில் முற்றிலும் வேறுபட்டிருந்தது. அலகு ஏறக்குறைய நட்டுவைத்தது போல நிமிர்ந்து நின்றது. அதன் முகத்தில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள் ஓடின. விற்றவர் அதை உடைந்த கருவி என்றே எண்ணியிருந்தார். அது உண்மையில் என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதை அளந்தும், சுத்தம் செய்தும், தீட்டியும், கடைசியில் மரத்தில் ஓட்டியும் தெரிந்துகொண்ட விவரங்களை இங்கே பதிவு செய்கிறேன்.

கட்டையின் நீளம் ஏழரை அங்குலம். நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும் வடிவம், கடைசி மெருகுக்குப் பயன்படும் பழைய ஆங்கிலேய இழைப்புளிகளுக்கே உரியது. ஆகவே வடிவத்தை மட்டும் பார்ப்பவர் இதையும் அவற்றில் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். அலகின் அகலம் இரண்டு அங்குலம். அலகை இறுக்கிப் பிடிக்க மர ஆப்பு ஒன்று இருக்கிறது. கட்டையின் முன்முகத்தில் இரண்டு பெயர்கள் அழுத்திப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு தச்சர் தம் கருவிகளில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வது அந்நாட்டுப் பட்டறைகளில் வழக்கம் என்பதால், ஒருவருக்குப் பின் ஒருவராகக் குறைந்தது இரண்டு கைகளில் இது உழைத்திருக்கிறது என்று கொள்ளலாம். உடைந்த கருவியை இரண்டாவது மனிதர் வாங்கித் தம் பெயரைப் பொறித்திருக்க மாட்டார் என்பது எனக்குக் கிடைத்த முதல் தடயம்.

அடுத்து, அலகு சாய்ந்து படுத்திருக்கும் தளத்தின் கோணத்தைக் கோணமானியால் அளந்தேன். சாதாரண மர இழைப்புளியில் இது 45 பாகை இருக்கும். கடினமான மரங்களுக்கென்று செய்தவற்றில் 50 அல்லது 55 பாகை இருப்பதும் உண்டு. இதில் 85 பாகை. இந்த ஓர் எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. 45 பாகையில் சாய்ந்த அலகு நாரின் அடியில் நுழைந்து அதைத் தூக்கி அறுக்கும். அதனால்தான் நீண்ட சுருள்கள் வருகின்றன, அதனால்தான் நார் எதிர்த்திசையில் ஓடும் இடங்களில் மரம் பிய்ந்தும் போகிறது. அலகு நிமிர நிமிர, தூக்கும் வேலை குறைந்து சுரண்டும் வேலை கூடுகிறது. 85 பாகையில் நாரைத் தூக்குவதற்கு வழியே இல்லை. ஆகவே இது சுருள் எடுப்பதற்காகச் செய்த கருவியே அல்ல.

அலகின் நடுவில் பிளவு எதுவும் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் மெருகு இழைப்புளிகளுக்கு இரட்டை அலகு பரவலாயிற்று: வெட்டும் அலகின்மேல் இன்னொரு தகட்டைத் திருகாணியால் பூட்டி, சுருளை உடனுக்குடன் மடக்கி ஒடிப்பதற்கான ஏற்பாடு அது. அந்தத் திருகாணி ஓடுவதற்கு அலகில் நீண்ட பிளவு இருக்கும். இதில் பிளவு இல்லாததால், மேல்தகடு தொலைந்துபோயிற்று என்று சொல்ல முடியாது. தொடக்கத்திலிருந்தே இது ஒற்றை அலகுதான். சுருளே வராத கருவிக்குச் சுருளை ஒடிக்கும் தகடு எதற்கு?

இனி அந்தக் கோடுகள். சந்தையில் பார்த்தபோது துரு அரித்த தடம் போலத்தான் தெரிந்தன. பட்டறை மேசையில், விளக்கைப் பக்கவாட்டில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவத்தில் செதுக்கப்பட்ட பள்ளம். எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே இடைவெளியில், அலகின் கூர்முனையிலிருந்து மேல்நோக்கி ஒன்றரை அங்குலம் வரை ஓடி நிற்கின்றன. இரும்பு அளவுகோலை வைத்து எண்ணியதில் அங்குலத்துக்கு 24 பள்ளங்கள் இருந்தன. அதாவது ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தொலைவு. துரு இவ்வளவு ஒழுங்காக அரிக்காது.

இந்தப் பள்ளங்களை யாராவது ஒரு தச்சர் பிற்காலத்தில் தாமே அராவிச் சேர்த்திருப்பாரோ என்ற ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அலகைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் இரண்டு உலோகங்கள் தெரிகின்றன: பின்புறம் மங்கலான தேனிரும்பு, முன்புறம் அதோடு காய்ச்சி அடித்து ஒட்டிய பளபளப்பான எஃகுப் பட்டை. இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் செய்த பழைய அலகுகளின் கட்டமைப்பு இதுதான். எஃகு விலை உயர்ந்தது என்பதால் கூர் உருவாகும் முகத்துக்கு மட்டும் அதைக் கொடுத்து, மற்றதை இரும்பில் முடித்தார்கள். அலகின் மேற்பகுதியில் தயாரிப்பாளரின் பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. ‘கேஸ்ட் ஸ்டீல்’ என்ற சொற்கள் மட்டும் படிக்கக் கிடைக்கின்றன. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் உருவாக்கிய மூசை எஃகை (மண்குடுவையில் உருக்கி வார்த்த எஃகை) குறிக்கும் முத்திரை அது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் கருவிகளில் பொறிக்கப்பட்டு வந்தது என்பதால் அதை வைத்து ஆண்டைச் சொல்ல இயலாது. ஆனால் வேறொன்றைச் சொல்லலாம். பள்ளங்கள் அமைந்திருப்பது அந்த எஃகுப் பட்டையில்தான். புதிய அரம் ஒன்றின் விளிம்பை அதன்மேல் வைத்து இழுத்தபோது அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவ்வளவு கடினமான எஃகில் எந்தத் தச்சராலும் கையால் பள்ளம் வெட்ட முடியாது. பதம் ஏற்றுவதற்கு முன்னரே, எஃகு மென்மையாக இருந்த நிலையில், அலகைச் செய்தவர்களே இவற்றை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே இது சிதைவும் அல்ல, பிற்சேர்க்கையும் அல்ல. விலை கொடுத்து வாங்கிய அம்சம்.

வரிவரியான அலகு என்றவுடன், மரச்சட்டத்தில் அலங்கார வரிகள் போடும் இழைப்புளியோ என்று தோன்றக்கூடும். அப்படிப்பட்டவற்றில் அலகின் வடிவமே கட்டையின் அடிப்பரப்பிலும் செதுக்கப்பட்டிருக்கும். அடிப்பரப்பு அந்த வரிகளின்மேல் பொருந்தி ஓடினால்தான் இழைப்பு நேராக வரும். இதன் அடிப்பரப்பு மட்டமானது. மேலும், பள்ளங்கள் அலகின் முகத்தில் இருப்பதால், பின்புறச் சரிவைத் தீட்டும்போது இரண்டும் சந்திக்கும் கூர்முனை தானாகவே சீப்பின் பல் வரிசையாக அமைந்துவிடுகிறது. எவ்வளவு தீட்டினாலும் பற்கள் மறையாமல் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். இந்த எளிய ஏற்பாட்டை நினைத்தவரின் அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஐயம் முழுவதையும் தீர்த்து வைத்தது, இழைப்புளியின் வாயிலும் (அடிப்பரப்பில் அலகு வெளிவரும் திறப்பு) அதற்கு மேலுள்ள குழிவிலும் படிந்திருந்த ஓர் அழுக்கு. தேன் நிறத்தில், கண்ணாடித் துண்டு போல நொறுங்கும் சிறு செதில்கள் அங்கே ஒட்டியிருந்தன. வார்னிஷ் என்றால் தண்ணீருக்கு அசையாது. இன்றைய வெள்ளைப் பசை என்றால் தண்ணீரில் ஊறி வெளுக்கும். செதில்கள் சிலவற்றைச் சுரண்டி எடுத்து வெதுவெதுப்பான நீரில் போட்டு வைத்தேன். அவை ஊறிக் கொழகொழப்பாகி, விரல்களுக்கிடையில் தேய்த்தபோது நன்றாக ஒட்டின. தோலை வேகவைத்தால் வரும் வாடையும் எழுந்தது. அது வச்சிரப் பசை. விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசைதான் பழைய தச்சுப் பட்டறைகளின் முதன்மைப் பசை. காய்ந்து நூறாண்டு ஆனாலும் வெந்நீர் பட்டால் இளகும் குணம் அதற்கு உண்டு.

நிமிர்ந்த ஒற்றை அலகு, முகத்தில் பற்கள், மட்டமான அடிப்பரப்பு, வாயில் வச்சிரம் ஆகிய நான்கும் சேர்ந்து பொருந்தும் கருவி ஒன்றே ஒன்றுதான்: வெனீர், அதாவது சாதாரண அடிப்பலகையின்மேல் அழகுக்காக ஒட்டும் மெல்லிய மரத்தகடு, ஒட்டும் தச்சர்கள் வைத்திருந்த பல் இழைப்புளி. ஆங்கிலத்தில் டூத்திங் பிளேன் என்பார்கள். ஜெர்மானியர்களிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே அமைப்புள்ள கருவி உண்டு.

இது ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அந்நாளைய வெனீரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இன்று நாம் வாங்கும் வெனீர் கத்தியால் சீவியது. தடிப்பு ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். 18ஆம் நூற்றாண்டில் வெனீரைக் கட்டையிலிருந்து சட்ட ரம்பத்தால் கையால் அறுத்தார்கள். அது ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாது. சில இடங்களில் அதன் இருமடங்கும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க் இசம்பார்ட் புரூனல் லண்டன் பாட்டர்சீயில் நிறுவிய ஆலை போன்றவை பெரிய வட்ட ரம்பங்களைக் கொண்டு அறுக்கத் தொடங்கிய பிறகு வெனீர் மெலிந்தது; ஆனாலும் ரம்பத்தின் தடம் அதன்மேல் இருக்கத்தான் செய்தது. அந்தத் தடத்தை நீக்கி ஒரே தடிப்புக்குக் கொண்டுவராமல் ஒட்டினால் ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் பிடிக்காது. சாதாரண இழைப்புளியை ஓட்டவும் வழியில்லை. வெனீருக்கென்று தேர்ந்தெடுப்பதே நார் சுழன்று புரளும் அழகான துண்டுகளைத்தான்; கிளை பிரியும் இடத்து மகோகனியும், கணு நிறைந்த வால்நட்டும் 45 பாகை அலகின் முன் பிய்ந்து போகும். எந்தத் திசையில் நார் ஓடினாலும் கவலைப்படாமல் நுண்ணிய கீறல்களாகச் சுரண்டி மட்டமாக்கும் கருவி அங்கே தேவைப்பட்டது. அடிப்பலகையைத் தயாரிக்கவும், பழைய வெனீரைப் பிரித்தெடுத்த பின் பலகையில் தங்கும் வச்சிரத்தைச் சுரண்டவும் இதே கருவி பயன்பட்டது. என்னுடையதன் வாயில் கிடைத்த செதில்கள் அப்படிப்பட்ட மராமத்து வேலையில் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் வேலையில் அலகுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. பள்ளங்களில் இருந்த துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளைக் கம்பித் தூரிகையால், பள்ளம் ஓடும் திசையிலேயே தேய்த்து எடுத்தேன். வேறு எந்த அலகாக இருந்தாலும் தீட்டுவதற்கு முன் முகத்தைக் கல்லில் வைத்துத் தட்டையாகத் தேய்ப்போம். இந்த அலகில் அதைச் செய்யவே கூடாது. முகத்தைத் தேய்த்தால் பற்களின் உச்சி மழுங்கி, கருவியின் உயிரே போய்விடும். பின்புறச் சரிவை மட்டும் 30 பாகையில் தீட்டுக்கல்லில் தீட்டினேன். தீட்டி முடித்ததும் பிசிறு முகப்பக்கம் பள்ளங்களுக்குள் மடங்கி நிற்கும். சாதாரணமாக அதை முகத்தைத் திருப்பி ஒரு தேய்ப்பில் எடுத்துவிடலாம். இங்கே அது முடியாது என்பதால், பைன் மரத்தின் வெட்டுமுகத்தில் கூர்முனையை மெல்ல அழுத்தி எடுத்து, மீதியைத் தூரிகையால் நீக்கினேன். சரியாகத் தீட்டிய அலகின் முனையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எல்லாப் பற்களும் ஒரே நேர்கோட்டில் முடிவது தெரியும்.

கட்டையை ஈரத்துணியால் துடைத்து, ஆளி விதை எண்ணெய் பூசியதோடு நிறுத்திக்கொண்டேன். வாயின் ஒரு மூலையில் பழைய வச்சிரத்தைக் கொஞ்சம் அப்படியே விட்டிருக்கிறேன். அது இந்தக் கருவியின் வரலாற்றுச் சான்று, அதை அழிக்க மனம் வரவில்லை. அடிப்பரப்பு நடுவில் சற்றே குழிந்திருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, அலகை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆனால் ஆப்பை வேலை நேரத்தில் இருக்கும் அளவுக்கே இறுக்கி வைத்துத் தேய்த்தேன். ஆப்பின் அழுத்தத்தில் கட்டை மிகச் சிறிதளவு வளையும் என்பதால், ஆப்பு இல்லாமல் மட்டமாக்கிய அடிப்பரப்பு ஆப்பை இறுக்கிய பின் மட்டமாக இராது. வாயின் இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. மெருகு இழைப்புளியில் இது பெருங்குறை. நாரைத் தூக்காத இந்த இழைப்புளியில் குறையே அல்ல.

அலகைப் பொருத்துவது மற்ற மர இழைப்புளிகளைப் போலத்தான். அடிப்பரப்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அலகின் தலையைச் சிறு சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். கூடிப்போனால் கட்டையின் பின்முகத்தில் கொட்டாப்புளியால் தட்டினால் அலகு ஏறிக்கொள்ளும். பற்களின் நுனி மட்டும் ஒரு சாம்பல் நிறக் கீற்றாகத் தெரியும் அளவே போதுமானது.

முதலில் பைன் பலகையில் ஓட்டினேன். சுருள் வரவில்லை, நூல் நூலாகத் துகள்கள் உதிர்ந்து, பலகையில் சீரான மெல்லிய கோடுகள் விழுந்தன. பிறகு, மற்ற இழைப்புளிகளுக்கெல்லாம் அடங்காமல் ஒதுக்கி வைத்திருந்த, நார் சுழன்றோடும் வால்நட் துண்டு ஒன்றை எடுத்தேன். நாரோடும், நாருக்கு எதிராகவும், குறுக்காகவும் ஓட்டிப் பார்த்தும் ஒரு சில்லும் பெயரவில்லை. கையில் வரும் உணர்வும் தனி: வெட்டும் கருவியில் தோன்றும் திடீர்ப் பிடிப்பு இல்லை, அரத்தை இழுப்பது போன்ற தொடர்ந்த எதிர்ப்பு மட்டுமே இருக்கிறது. மூலைக்கு மூலை சாய்வாக ஒரு முறை, எதிர்ச்சாய்வாக ஒரு முறை, கடைசியில் நீளவாக்கில் ஒரு முறை என்று ஓட்டினால் மேடுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கோடுகளே காட்டிவிடுகின்றன. கோடு விழாத இடம் பள்ளம். வேறு எந்த மட்டக்கோலையும்விட இது தெளிவாகக் காட்டியது.

வேலையை முழுமையாகச் சோதிக்க ஒரு பெட்டி மூடிக்கு வெனீர் ஒட்டினேன். அடிப்பலகை பைன்; வெனீர் ரம்பத்தால் அறுத்த 2 மில்லிமீட்டர் வால்நட். பலகையின் இருபுறமும், வெனீரின் ஒட்டும் முகத்திலும் பல் இழைப்புளியை ஓட்டினேன். வச்சிர மணிகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீர் நிரம்பிய வெளிப்பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்கினேன். அதற்கு மேல் நெடுநேரம் சூடேறினால் பசையின் வலிமை குறைந்துவிடும். முதலில் நீர்க்கக் கரைத்த பசையைப் பலகைக்குப் பூசிக் காயவிட்டு, பிறகு கெட்டியான பசையைப் பூசினேன். மெல்லிய வெனீர் என்றால் வெனீர் சுத்தியலால், அதாவது பித்தளை விளிம்புள்ள தள்ளுகட்டையால், நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசையைத் தள்ளி ஒட்டலாம். 2 மில்லிமீட்டர் துண்டு அதற்கு வளைந்து கொடுக்காது. ஆகவே பழைய முறைப்படி, சூடேற்றிய அழுத்துப்பலகையைக் காகிதம் இடையிட்டு மேலே வைத்து, கவ்விகளால் நடுவிலிருந்து தொடங்கி இறுக்கினேன். அந்தச் சூட்டில் உறைந்த பசை மறுபடி இளகி, மிகுதி ஓரங்களில் வழிந்தது. ஒருபுறம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும் என்பதால் அடிப்புறத்துக்கும் ஒரு வெனீர் கொடுத்தேன். காய்ந்த பின் நகத்தால் தட்டிப் பார்த்ததில் எந்த இடத்திலும் வெற்றொலி கேட்கவில்லை. மேல்முகத்து ரம்பத் தடத்தையும் இதே இழைப்புளியால் நீக்கி, அது விட்ட கோடுகளைச் சுரண்டுதகட்டால் எடுத்தபோது வால்நட்டின் சுழி முழுவதும் துலங்கிற்று.

கோடுகள் போடுவதே பசைக்குப் பிடிமானம் தருவதற்காகத்தான் என்று பலரும் சொல்வார்கள். அந்த விளக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கூரான இழைப்புளியால் வழவழப்பாக இழைத்த துண்டு ஒன்றையும், பல் இழைப்புளி ஓட்டிய துண்டு ஒன்றையும் ஒரே பசையால் ஒட்டி, காய்ந்ததும் உளியால் பிளந்து பார்த்தேன். இரண்டிலும் பசை விடவில்லை, மரநார்தான் கிழிந்தது. பசையின் பிடிப்பு இரு பரப்புகளும் எவ்வளவு நெருங்கித் தொடுகின்றன என்பதைப் பொறுத்தது. சாதாரண இழைப்புளி ஒவ்வோர் ஓட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஆழமற்ற வாய்க்கால் ஒன்றை விட்டுச் செல்கிறது. பல் இழைப்புளி அந்த வாய்க்கால்களை அழித்துப் பரப்பு முழுவதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அதன் உண்மையான பயன் அந்த மட்டம்தான் என்பதே இந்த வேலைக்குப் பின் என் துணிபு.

இத்தகைய அலகுக்கு இன்றும் தேவை இருக்கிறது. லை-நீல்சன், வெரிட்டாஸ் போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் இரும்பு இழைப்புளிகளுக்குப் பல் அலகுகளைத் தனியாக விற்கிறார்கள். வெனீருக்கு மட்டுமின்றி, பிய்யும் மரங்களை முரட்டு மட்டமாக்கவும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பழையதைச் சந்தையில் காண்பவர்கள், கூர்முனையிலிருந்து பள்ளங்கள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் பல ஆண்டு வேலை அதில் மீதமிருக்கிறது. கால் அங்குலமே இருந்தால், இன்னும் சில தீட்டலில் பற்கள் தீர்ந்து வெறும் அலகாகிவிடும். ஆப்பு அதே கட்டைக்குரியதா என்றும் பார்க்க வேண்டும். வேறொன்றிலிருந்து எடுத்துச் செருகிய ஆப்பு, அலகை அதிரவிட்டுப் பரப்பில் அலை அலையாகத் தடம் விழச் செய்யும். கடையில் கிடைக்கும் 0.6 மில்லிமீட்டர் வெனீரின்மேல் இதை ஓட்ட வேண்டாம். அந்தத் தடிப்பில் பல் இறங்கினால் மிஞ்சுவது மிகக் குறைவு. அதற்கு அடிப்பலகையில் மட்டும் ஓட்டினால் போதுமானது.